ஓசி நியூசமின் பேரேடு

2018 ஏப்ரல் 26, வியாழக்கிழமை இரவு. மேரிலாந்தில் அண்ணாச்சி வீட்டு சோபாவில் உட்கார்ந்து என்.எஃப்.எல். டிராஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். 1982-ல் இங்கே வேலைக்கு வந்தவர். பால்டிமோர் நகரத்துக்காரர்களைவிட அதிகமாக பால்டிமோர் அணிக்காக வயிறெரிபவர். அன்று அவருடைய ரேவன்ஸ் அணி 16-வது இடத்தில் ஆளெடுக்க வேண்டும். எடுக்கவில்லை. அந்த இடத்தை விற்று 22-க்குப் போனார்கள். அதையும் விற்று 25-க்குப் போனார்கள். கடைசியில் ஹேடன் ஹர்ஸ்ட் என்ற டைட் எண்டை எடுத்தார்கள். பேஸ்பால் ஆடப் போய், அது சரிப்படாமல் திரும்பி வந்தவர் அவர். மற்ற பையன்களைவிட இரண்டு மூன்று வயது மூத்தவரும்கூட.

"போச்சு. இதுக்கா ராத்திரி பூரா முழிச்சிருந்தோம்?" என்று அண்ணாச்சி எழுந்து படுக்கப் போய்விட்டார்.

பதினொன்றரையை ஒட்டி, முதல் சுற்றின் கடைசி இடமான 32-ஐ ஃபிலடெல்ஃபியாவிடமிருந்து வாங்கி, லமார் ஜாக்சன் என்ற குவார்ட்டர்பேக்கை ரேவன்ஸ் எடுத்தது. நான் கதவைத் தட்டிச் சொன்னேன். உள்ளிருந்து, "யாரு, அந்த ஓடுற பையனா? சரி, காலையில பாப்போம்" என்று பதில் வந்தது.

அந்தப் பையன் மறு ஆண்டே, 2019 சீசனில், ஒரு ஓட்டுகூடச் சிதறாமல் லீகின் மிகச்சிறந்த வீரர் விருதை வாங்கினார். 2023 சீசனில் இன்னொரு முறை. ஹர்ஸ்ட்டை இரண்டே ஆண்டில் அட்லாண்டாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்றைய இரவு ரேவன்ஸின் ஜெனரல் மேனேஜராக ஓசி நியூசம் உட்கார்ந்த கடைசி டிராஃப்டின் முதல் இரவு. அந்த சீசனோடு பொறுப்பை எரிக் டிகோஸ்டாவிடம் ஒப்படைப்பதாக பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டார்கள்.

"ஓசி மாதிரி ஆளெடுக்க ஒருத்தன் பொறக்கணும்" என்பது அண்ணாச்சியின் நெடுநாள் வாக்கு. எனக்கு இந்த மாதிரி வாக்குகளைக் கேட்டால் கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றும். அப்படி ஒரு எக்ஸெல் ஷீட் ஆரம்பித்தேன். அண்ணாச்சி அதற்கு வைத்த பெயர் பேரேடு. இந்தக் கட்டுரை அந்தப் பேரேடு எங்கெல்லாம் காலை வாரியது என்பதைப் பற்றியது.

*

டிராஃப்ட் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஐ.பி.எல். ஏலம் போல இங்கே கையைத் தூக்கி விலை கேட்பது கிடையாது. இருப்பது வரிசை. போன சீசனில் மோசமாக ஆடிய அணி முதலில், கோப்பை வென்ற அணி கடைசியில். ஏழு சுற்று. கல்லூரியில் ஆடிவிட்டு வரும் இளைஞனை எந்த அணி பெயர் சொல்லி எடுக்கிறதோ அங்கேதான் அவன் போக வேண்டும். அவனுக்கு ஊர் பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. வரிசையில் உள்ள இடம் மட்டும் சொத்து மாதிரி. விற்கலாம், வாங்கலாம், அடுத்த வருடத்து இடத்தை இந்த வருடமே அடகு வைக்கலாம்.

யாரை எடுப்பது என்று முடிவெடுப்பவர் பொதுவாக ஜெனரல் மேனேஜர். இருபத்திரண்டு வயதுப் பையனைப் பார்த்து முப்பது வயதில் அவன் என்னவாக இருப்பான் என்று சொல்ல வேண்டிய வேலை. கிட்டத்தட்ட ஜோசியம். ஆனால் பரிகாரம் சொல்லித் தப்பிக்க முடியாது.

ஓசி நியூசம் அலபாமாவில் பிறந்த கறுப்பினத்தவர். அலபாமா பல்கலைக்கழக அணி தன் கதவைக் கறுப்பர்களுக்குத் திறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தபோது, பேர் ப்ரையண்ட் என்ற பெரும் பயிற்சியாளரிடம் ஆடினார். 1978-ல் க்ளீவ்லண்ட் ப்ரௌன்ஸ் அவரை 23-வது ஆளாக எடுத்தது. 13 சீசன், 662 கேட்ச், 7,980 யார்டு. டைட் எண்ட் என்ற இடத்தில் ஆடியவர்களில் அன்றைக்கு இதற்கு மேல் யாருமில்லை. 1999-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துக்கொண்டார்கள். பந்து பிடிப்பதில் பேரெடுத்தவர் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1995 நவம்பரில் ப்ரௌன்ஸ் முதலாளி ஆர்ட் மோடெல் அணியைத் தூக்கிக்கொண்டு பால்டிமோர் போவதாக அறிவித்தார். பால்டிமோருக்கு இது புதிதல்ல, திசைதான் மாறியிருந்தது. 1984 மார்ச்சில் ஓர் இரவு கோல்ட்ஸ் அணி லாரிகளில் சாமான் ஏற்றிக்கொண்டு இண்டியானாபொலிஸுக்குக் கிளம்பிவிட்டது. அண்ணாச்சி அதைச் சொல்லும்போது இன்றும் குரல் மாறும். "எழவு வீட்ல கூட சொல்லிட்டுத்தான்யா போவாங்க." பன்னிரண்டு வருடம் அணியில்லாமல் கிடந்த ஊர், தனக்கு நடந்ததையே க்ளீவ்லண்டுக்குச் செய்து ஓர் அணியைப் பெற்றது. பழைய பெயரும் நிறமும் வரலாறும் க்ளீவ்லண்டிலேயே இருக்கட்டும் என்று ஒப்பந்தமானது. எட்கர் ஆலன் போ அடக்கமாகியிருக்கும் ஊர் என்பதால், அவர் கவிதையிலிருந்து ரேவன்ஸ் என்று ரசிகர்கள் ஓட்டுப் போட்டுப் பெயர் வைத்தார்கள். அடுத்த மாதமே டிராஃப்ட். கோல்ட்ஸ் விட்டுப்போன பழைய கட்டடத்தில் உட்கார்ந்து ஆளெடுக்க வேண்டும். அந்த வேலை நியூசமுக்கு வந்தது.

ஆனால் ஜெனரல் மேனேஜர் என்ற பட்டம் வரவில்லை. அது 2002-ல்தான் வந்தது. என்.எஃப்.எல். வரலாற்றில் அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பர் அவர். அதற்குள் ஒரு சூப்பர் பௌல் வென்று ஒரு வருடம் ஆகியிருந்தது. என் பேரேட்டில் "ஜெனரல் மேனேஜராக இருந்த ஆண்டுகள்" என்று முதலில் ஒரு வடிகட்டி போட்டேன். போட்டதும் அவருடைய தலைசிறந்த டிராஃப்டே காணாமல் போய்விட்டது. அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

*

அந்த டிராஃப்ட் 1996. அணிக்கு முதல் சுற்றில் 4, 26 என்று இரண்டு இடங்கள்.

நான்காம் இடத்துக்கு மோடெல் விரும்பியது லாரன்ஸ் ஃபிலிப்ஸ் என்ற ரன்னிங் பேக்கை. நெப்ராஸ்காவின் நட்சத்திரம். முந்தைய ஆண்டு முன்னாள் காதலியைத் தாக்கிய வழக்கில் சிக்கியவர். புது ஊர், டிக்கெட் விற்க வேண்டும், பந்தோடு ஓடுகிறவனைப் பார்க்கத்தான் ஜனம் வரும். நியூசமின் பட்டியலில் மேலே இருந்ததோ ஜொனதன் ஆக்டன். குவார்ட்டர்பேக்கை அடிக்க வருபவர்களைத் தடுக்கும் லெஃப்ட் டேக்கிள். அந்த இடத்தில் அணிக்கு ஏற்கெனவே டோனி ஜோன்ஸ் என்ற நல்ல ஆட்டக்காரர் இருந்தார். முதலாளிக்கு வேண்டாம், அணிக்கு அவசரத் தேவையும் இல்லை. ஆனாலும் பட்டியலில் மேலே இருப்பவனைத்தான் எடுப்பேன் என்று நியூசம் நின்றார். ஆக்டன் முதல் வருடம் பக்கத்து இடமான கார்டில் ஆடினார். அடுத்த வருடம் ஜோன்ஸை டென்வருக்கு அனுப்பி அவருக்கு வழிவிட்டார்கள். 12 சீசன், 11 ப்ரோ பௌல், ஹால் ஆஃப் ஃபேம். ஃபிலிப்ஸை ஆறாம் இடத்தில் செயிண்ட் லூயிஸ் ராம்ஸ் எடுத்தது. அவருக்கு இடம் வேண்டுமென்று ஜெரோம் பெட்டிஸை பிட்ஸ்பர்குக்கு அனுப்பியது. பெட்டிஸும் பின்னால் ஹால் ஆஃப் ஃபேம். ஃபிலிப்ஸை இரண்டாவது சீசனிலேயே ராம்ஸ் கழற்றிவிட்டது.

26-ல் ரே லூயிஸ். 17 சீசன் ஒரே அணியில். லைன்பேக்கர் என்றால் இவர்தான் என்று சொல்லும் அளவுக்கு ஆடினார். ஒரே நாளில், ஒரே சுற்றில், ஓர் அணியின் அடுத்த பத்துப் பதினைந்து வருடம். நியூசமின் புகழில் பாதி இந்த ஒரு பிற்பகலில் இருக்கிறது.

இங்கேதான் பேரேடு முதல் தடவை இடறியது. அந்த 26-வது இடம் எங்கிருந்து வந்தது? 1995-ல், க்ளீவ்லண்டில் பயிற்சியாளராக இருந்த பில் பெலிசிக்கின் காலத்தில், தன் பத்தாவது இடத்தை சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்து, பதிலுக்கு வேறு சில இடங்களோடு அடுத்த வருட முதல் சுற்றையும் வாங்கியது ப்ரௌன்ஸ். பத்தாவது இடத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ எடுத்தது ஜே.ஜே. ஸ்டோக்ஸ் என்ற ரிசீவரை. பெலிசிக்கை அணி ஊர் மாறும்போது வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். ஆக, ரே லூயிஸை எடுத்தது நியூசம். எடுக்க முடிந்தது பெலிசிக்கால். மார்க்கை யாருக்குப் போடுவது? அண்ணாச்சியிடம் கேட்டேன். "வெத வாங்கினவன் ஒருத்தன், வெதச்சவன் ஒருத்தன். வெள்ளாமைய யாரு பேர்ல எழுதுவ? வெதச்சவன் பேர்ல எழுது." எழுதினேன். ஆனால் அடுத்து வந்த வரிகள் இன்னும் மோசம்.

*

2003. ரேவன்ஸுக்குக் குவார்ட்டர்பேக் வேண்டும். கையில் பத்தாவது இடம். பைரன் லெஃப்ட்விச் என்பவரை எடுக்க, ஏழாவது இடத்தில் இருந்த மின்னசோட்டாவிடம் பேரம் பேசினார்கள். அப்போது முதல் சுற்றில் ஒவ்வொரு தேர்வுக்கும் பதினைந்து நிமிடம். பேரம் முடிகிறது, முடிகிறது, ஆனால் லீக் அலுவலகத்துக்கு உறுதிசெய்யும் தகவல் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. மின்னசோட்டாவின் கடிகாரம் ஓடி முடிந்தது. பின்னால் நின்ற ஜாக்சன்வில் முந்திக்கொண்டு லெஃப்ட்விச்சை எடுத்துவிட்டது. பத்தாவது இடத்திலேயே மாட்டிக்கொண்ட ரேவன்ஸ் டெரல் சக்ஸை எடுத்தது. 132.5 சாக். இன்றுவரை அந்த அணியின் சாதனை. 2011 சீசனில் லீகின் சிறந்த தற்காப்பு வீரர். லெஃப்ட்விச் ஜாக்சன்வில்லில் நான்கு சீசன் தாண்டவில்லை.

பேரேட்டில் சக்ஸ் வரி முழுப் பச்சை. ஆனால் அன்றைக்கு அவர்கள் செய்ய நினைத்தது வேறு. ஒரு போன் கால் சரியான நேரத்துக்குப் போயிருந்தால் அந்த வரியே இருந்திருக்காது. தவறிப்போன பேரத்துக்கு ஒருவரைப் பாராட்டுவது எப்படி?

அதே நாளில் இன்னொரு பேரம், இது தவறாமல் நடந்தது. நியூ இங்கிலாந்துக்கு அந்த வருட இரண்டாம் சுற்றையும் அடுத்த வருட முதல் சுற்றையும் கொடுத்து 19-வது இடத்தை வாங்கி, கைல் போலர் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். ஐம்பது யார்டு கோட்டில் முழங்காலிட்டபடியே பந்தை கோல் கம்பங்களுக்கு நடுவே வீசிக் காட்டியவர் என்று அவரைப் பற்றிக் கதை உண்டு. வீச்சு இருந்தது, ஆட்டம் வரவில்லை. நியூ இங்கிலாந்து அந்த முதல் சுற்று இடத்தில் 2004-ல் எடுத்தது வின்ஸ் வில்ஃபோர்க்கை. அங்கே உட்கார்ந்து அவரை எடுத்தது யார் என்கிறீர்கள், பெலிசிக்.

தப்பின் விலை அந்த வரியோடு முடிவதில்லை என்பதையும் போலர்தான் எனக்குக் காட்டினார். 2005-ல் ரேவன்ஸுக்கு 22-வது இடம். ஆரன் ராட்ஜர்ஸ் என்ற குவார்ட்டர்பேக் எல்லோரும் நினைத்ததற்கு மாறாக வரிசையில் கீழே இறங்கிக்கொண்டே வந்தார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் போலருக்குப் பிறகு வந்தவர், அதே பயிற்சியாளரின் மாணவர். போலர் கையில் இருக்கும்போது இன்னொரு குவார்ட்டர்பேக் எதற்கு? மார்க் க்ளேட்டன் என்ற ரிசீவரை எடுத்தார்கள். 24-ல் க்ரீன் பே ராட்ஜர்ஸை எடுத்தது. பிறகு நடந்தது அமெரிக்கக் கால்பந்து பார்க்காதவர்களுக்குக்கூடக் கொஞ்சம் தெரிந்திருக்கும். ஆனால் நியாயம் பேசினால், ராட்ஜர்ஸைத் தாண்டிப் போனவர்களில் ரேவன்ஸும் ஒன்று, அவ்வளவுதான். வரிசையில் அதற்கு முன்னால் இருந்தவர்களும் யாரும் எடுக்கவில்லையே.

ரிசீவர் என்றதும் அந்தப் பழைய விஷயத்துக்கு வருகிறேன். பந்து பிடித்தே பேரெடுத்த மனிதருக்கு, பந்து பிடிப்பவனைக் கண்டுபிடிக்க வரவில்லை. முதல் சுற்றில் டிராவிஸ் டெய்லர், 2000-ல் பத்தாவது இடம். 2005-ல் க்ளேட்டன். 2015-ல் ப்ரெஷட் பெரிமன். மூவரில் ஒருவர்கூட ப்ரோ பௌல் பக்கம் போகவில்லை. தடுப்பவன், இடிப்பவன், விரட்டிப் பிடிப்பவன் என்றால் கண் பிசகாது: ஆக்டன், லூயிஸ், 2002-ல் 24-வது இடத்தில் எட் ரீட், 2006-ல் ஹலோட்டி நாட்டா, 2007-ல் மூன்றாம் சுற்றில் மார்ஷல் யாண்டா. தன் தொழிலைச் சேர்ந்தவன் வந்து நின்றால் மட்டும் பிசகியது. இசை தெரிந்தவர்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பாட்டு வாத்தியார் தேடிய கதையாக. கண்டிப்பான காரணம் எதுவும் என்னிடம் இல்லை. மூன்று பேர் என்பது ஒரு முடிவுக்கு வரப் போதாது என்று எனக்குள் இருக்கும் கணக்குப்பிள்ளை சொல்கிறான்.

*

அந்தக் கணக்குப்பிள்ளைக்குப் பிடித்த ஒரு ஆய்வு உண்டு. கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் இருவரும் எழுதியது. தேலர் 2017-ல் பொருளாதார நோபல் வாங்கியவர். ஒரே பொசிஷனில் அடுத்தடுத்துத் தேர்வான இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் எடுக்கப்பட்டவன் பின்னால் எடுக்கப்பட்டவனைவிட நன்றாக ஆடுவதற்கு வாய்ப்பு எவ்வளவு? 52 சதவீதம். காசு சுண்டினால் 50. இத்தனை ஸ்கௌட், இத்தனை விமான டிக்கெட், இத்தனை வீடியோ, எல்லாம் சேர்ந்து அந்த இரண்டு சதவீதம். இன்னொன்றையும் சொன்னார்கள். வரிசையின் தலையில் உள்ள இடங்களுக்கு அணிகள் கொடுக்கும் விலை மிக அதிகம். ஒரு பெரிய இடத்தைவிடப் பல சிறிய இடங்கள் லாபம்.

இதைப் படித்த பிறகு பேரேட்டை வேறு மாதிரி பார்த்தேன். யாரை எடுத்தார் என்பதை விட்டுவிட்டு எத்தனை தடவை சீட்டு எடுத்தார், என்ன விலைக்கு எடுத்தார் என்று பார்த்தேன். நியூசம் அங்கேதான் நின்றார். 1999-ல் தன் இரண்டாம் சுற்று இடத்தை அட்லாண்டாவுக்குக் கொடுத்து, அடுத்த வருட முதல் சுற்றை வாங்கினார். அட்லாண்டா அப்போதுதான் சூப்பர் பௌல் ஆடியிருந்த அணி, அந்த இடம் சுற்றின் கடைசியில் வரும் என்றே யாரும் நினைப்பார்கள். அட்லாண்டா அந்த சீசன் சரிந்து 5 வெற்றி, 11 தோல்வி. கிடைத்தது ஐந்தாவது இடம். அதில் வந்த ஜமால் லூயிஸ் முதல் சீசனிலேயே 1,364 யார்டு ஓடினார். 16 ஆட்டத்தில் 165 புள்ளி மட்டுமே விட்டுக்கொடுத்த அந்தத் தற்காப்போடு சேர்ந்து, 2001 ஜனவரியில் நியூயார்க் ஜயண்ட்ஸை 34-7 என்று வென்று கோப்பை வந்தது.

இன்னொன்று, வீரர்கள் ஒப்பந்தம் முடிந்து வேறு அணிக்குப் போகும்போது லீக் ஈடாகத் தரும் உபரி இடங்கள். மற்றவர்கள் நஷ்டமென்று நினைத்ததை நியூசமின் ரேவன்ஸ் வருமானமாகப் பார்த்தது. விலை ஏறியவனைப் பிடித்து வைக்காமல் போக விட்டு, ஈட்டை வாங்கிப் புதியவனை எடுத்தது. அதிக ஈட்டு இடங்கள் வாங்கிய அணி அதுதான். ஸ்கௌட்டுகளையும் அப்படித்தான் எடுத்தார். இருபதுகளில் இருக்கும் பையன்கள், வருடத்துக்கு இருபதாயிரம் டாலர் சம்பளம். அந்தக் கூட்டத்துக்கே 20-20 கிளப் என்று பெயர். டிகோஸ்டா அதிலிருந்து வந்தவர்தான். அதனால் "நியூசம் எடுத்தார்" என்று நான் எழுதிய வரிகளில் எத்தனை அந்தப் பையன்கள் எடுத்தவை? லமார் ஜாக்சனை எடுத்தது போகிறவரா, வருகிறவரா? அவ்வளவு நம்பிக்கை இருந்திருந்தால் 25-லேயே ஏன் எடுக்கவில்லை? பில் போலியன், பெய்டன் மானிங்கை எடுத்தவர், தானே ஹால் ஆஃப் ஃபேமில் இருப்பவர், இந்தப் பையன் ரிசீவராகப் போகலாம் என்று டிராஃப்டுக்கு முன் பொதுவில் சொன்னார். பின்னால் தப்பு என்று ஒப்புக்கொண்டார். நியூசமின் அறையில் அன்றிரவு இருந்தவர்கள் அவ்வளவு கெட்டியாக எதையும் சொல்லவில்லை. ஏழு இடம் காத்திருந்தார்கள். பையன் அங்கேயே இருந்தான்.

செர்ஜியோ கிண்டில் என்று ஒரு வரி உண்டு. 2010, இரண்டாம் சுற்று, 43-வது இடம். தங்கள் 25-வது இடத்தை டென்வருக்கு விற்று வாங்கியது அது. டென்வர் 25-ல் டிம் டீபோவை எடுத்தது. பேரம் ரேவன்ஸுக்கு நல்ல லாபம், இன்னும் இரண்டு இடங்களும் கிடைத்து இரண்டு நல்ல டைட் எண்டுகள் வந்தார்கள். ஆனால் கிண்டில் முதல் பயிற்சி முகாமுக்கு முன்பே மாடிப்படியில் விழுந்து மண்டை ஓடு உடைந்தது. ஆட்டமே கிட்டத்தட்ட முடிந்தது. இந்த வரிக்குச் சிவப்பு போட எனக்குக் கை வரவில்லை. பச்சையும் போட முடியாது. வெள்ளையாகவே கிடக்கிறது.

*

இதுவரை சொன்னவை எல்லாம் கணக்குச் சிக்கல். இனி சொல்வது அப்படி அல்ல.

நியூசம் ஃபிலிப்ஸை எடுக்காததை அவருடைய ஒழுக்க உணர்ச்சிக்கு உதாரணமாகச் சிலர் எழுதுவதுண்டு. பிறகு ஃபிலிப்ஸ் வன்முறை வழக்குகளில் சிறைக்குப் போய், 2016 ஜனவரியில் சிறையிலேயே நாற்பது வயதில் இறந்தார். ஆனால் 1996-ல் நடந்தது, பட்டியலில் ஆக்டன் மேலே இருந்தார் என்பது மட்டும்தான். பட்டியலை நம்பியது பெரிய விஷயம், முதலாளியிடம் நின்றது அதைவிடப் பெரிய விஷயம். அதை அறமாக மாற்றுவது நாம் பின்னால் செய்வது.

அதே பட்டியலிலிருந்து 2008-ல் இரண்டாம் சுற்றில், 55-வது இடத்தில், ரே ரைஸ் வந்தார். குள்ளமான ரன்னிங் பேக், மூன்று ப்ரோ பௌல், 2013 பிப்ரவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவை 34-31 என்று வென்ற இரண்டாவது கோப்பையில் பங்கு. 55-வது இடத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? என் ஃபார்முலா அவருக்குக் கொடுத்த மார்க் மிக அதிகம். 2014 பிப்ரவரியில் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு லிஃப்டுக்குள் தனக்கு நிச்சயமான பெண்ணை அடித்து மயங்கி விழச் செய்தார். அணி அவரை வைத்துக்கொண்டது. செப்டம்பர் 8-ம் தேதி லிஃப்டுக்குள் எடுத்த வீடியோ வெளியே வந்தது. அன்றே கழற்றிவிட்டது.

அந்த வீடியோவை அண்ணாச்சி வீட்டு டி.வி.யில்தான் பார்த்தேன். ஆட்டம் ஓடும்போது இந்தப் பக்கமே வராத மதினி அன்று அடுக்களையிலிருந்து வந்து, துண்டில் கையைத் துடைத்தபடி நின்று முழுதும் பார்த்தார். அண்ணாச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "மொதல்ல அந்தச் சட்டையக் கழத்துங்க" என்றார் மதினி. அண்ணாச்சி அன்று 27-ம் எண் ஜெர்சி போட்டிருந்தார்.

பத்து நாள் கழித்து மைதானத்தில் ரைஸ் ஜெர்சியைக் கொண்டுவந்து கொடுத்தால் வேறு வீரரின் ஜெர்சி தருவதாக அணி அறிவித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நின்றார்கள். அண்ணாச்சி போகவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பேரேட்டை அவரிடம் காட்டியபோது 2008 வரியில் நிறுத்தி, "இதுக்கு எவ்வளவு போட்டிருக்க?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கணக்கு சரிதான்" என்றார்.

ஜெர்சி இன்னும் அவர் வீட்டு பேஸ்மெண்ட்டில், பழைய கோல்ட்ஸ் தொப்பி இருக்கும் அதே அட்டைப்பெட்டியில் இருக்கிறது. மதினிக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.